ஹெரால்டும் அதன் தம்பி ஸ்பிட்பயரும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு நீங்கள் சென்றதுண்டா? ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். கூரை திறந்த, இருவர் மட்டுமே அமரும் ஸ்போர்ட்ஸ் காரில் இப்பாதையில் போக யாருக்குத்தான் ஆசை வராது? பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாமா? விடை காண, நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய ஒரு காரின் வரலாற்றைப் பார்ப்போம்.

1959இல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனம் 'ஹெரால்டு' என்ற காரை வெளியிட்டது. அக்காலத்துப் புதிய சிறு கார்கள் பலவற்றில் சேசிஸும் உடலும் ஒரே கூடாக இருந்தன. ஹெரால்டிலோ சேசிஸ் தனி. அதன்மேல் உடற்பகுதிகள் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டன. காரணம் என்ன தெரியுமா? அந்நிறுவனத்திற்குக் கார் உடல் செய்து தந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது! ஆகவே உடலைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்ய நேர்ந்தது.

1961இல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இக்காரைத் தயாரிக்கத் தொடங்கியது. சோழவரம் விமானத்தளப் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடின. 1962இல் இங்கிலாந்தில் அதே சேசிஸைக் குறுக்கி, 'ஸ்பிட்பயர்' என்ற இரட்டை இருக்கைக் காரைச் செய்தனர். முன், பின் சக்கரங்களின் இடைவெளி 232 செ.மீ. இலிருந்து 211 செ.மீ. ஆயிற்று.

ஆனால் குறைந்தது நீளம் மட்டுமன்று. சேசிஸின் இருபக்கச் சட்டங்களும் நீக்கப்பட்டன. அவற்றின் வேலையைக் கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிகள் ஏற்றன. ஓர் அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். எளிதாக வளைகிறதல்லவா? கூரையில்லாத காரும் அப்படித்தான். எனவே அந்தத் தகடு துருப்பிடித்தால் காரே நடுவில் தொய்ந்துவிடும். கதவு சரியாக மூடாது. புட்டி வைத்து, பெயிண்ட் அடித்து இதை மறைத்திருக்கலாம். ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். இரும்புத் தகட்டில் அது ஒட்டும். கனமான புட்டியின் மேல் ஒட்டாது.

அடுத்து, பின்சக்கரங்கள். சாதாரணக் கார்களில் அன்று இரு பின்சக்கரங்களும் ஒரே உறுதியான ஆக்ஸிலில் இணைந்திருந்தன. ஹெரால்டிலும் ஸ்பிட்பயரிலும் ஆக்ஸில் இரு பாதிகளாகப் பிரிந்து, நடுவிலிருந்து பறவையின் சிறகுகள்போல் மேலும் கீழும் ஆடியது. மேடுபள்ளச் சாலையில் இது சுகமே. ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது, சாலை வெளிப்புறச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளும் விசை, காரின் பின்பகுதியை மேலே தூக்க முயல்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால் எடை முன்பக்கம் மாறும். பின்பகுதி இன்னும் எழும்பும். சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கும், பிடிப்பு குறையும், காரின் பின்புறம் வழுக்கிச் சுழலும். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது இது நேர்ந்தால் ஓரத்தில் இருப்பது பள்ளத்தாக்கு!

இக்குறையை நீக்க இருநாட்டாரும் முயன்றனர். இங்கிலாந்தில் 1970இல் ஸ்பிட்பயரின் பின்புற ஸ்பிரிங்கைத் திருத்தியமைத்தனர். நம்மவர் வேறு வழியில் சென்றனர். ஹெரால்டின் ஆடும் ஆக்ஸில் நம் நாட்டுக் கார் உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. 1972இல் வெளிவந்த 'கெஸல்' காரில் வண்டலூர் நிறுவனம் உறுதியான ஒற்றை ஆக்ஸிலைப் பொருத்திவிட்டது. ஸ்பிட்பயர் 1980 வரை தயாரிக்கப்பட்டது. வண்டலூரில் கார் உற்பத்தி நின்றும் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே, வாசகர்களே, பழைய இரட்டை இருக்கைக் காரைப் பார்க்கப் போகும்போது பளபளப்பான பெயிண்டில் மயங்காதீர்கள். அது எந்த ஆண்டில் பிறந்தது, பின்சக்கரங்கள் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்று கேளுங்கள். தரையில் படுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். சட்டையில் மண் ஒட்டினால் துவைத்துக்கொள்ளலாம். மலைப்பாதையில் செய்யும் தவற்றைத் திருத்த வாய்ப்புக் கிடைக்காது.