பழைய சட்டைக்கு யார் சாட்சி?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பேஸ்பால் ஆட்டத்தின் தேசியப் புகழ்க்கூடமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. 1939 ஜூன் 12 அன்று அதைத் திறந்தபோது, ஆட்டம் பிறந்த நூற்றாண்டு விழாவாகவே கொண்டாடினார்கள். 1839இல் ஏப்னர் டபிள்டே என்பவர் இவ்வூரில்தான் பேஸ்பாலை உருவாக்கினார் என்று பலரும் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கையைத் தாங்கியவை இரண்டு. ஆட்டத்தின் பிறப்பை ஆராய 1905இல் அமைந்த மில்ஸ் குழு நம்பிய, ஏப்னர் கிரேவ்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் எழுதிய கடிதம் ஒன்று. 1930களின் நடுவில் பக்கத்து ஊரான ஃபிளை கிரீக்கில் ஒரு பண்ணை வீட்டின் பழைய பெட்டியிலிருந்து கிடைத்த நைந்த பந்து இன்னொன்று. சிங்கர் தையல் இயந்திரச் செல்வத்தின் வாரிசான ஸ்டீபன் கிளார்க் அந்தப் பந்தை 5 டாலருக்கு வாங்கிக் காட்சிக்கு வைத்தார்; அருங்காட்சியகம் அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஆனால் 1839இல் டபிள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். கிரேவ்ஸுக்கு அப்போது வயது ஐந்து. பந்து பழையதுதான். டபிள்டேயின் கை அதில் பட்டது என்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது.

பழைய பேஸ்பால் அணிகளின் சட்டை, பந்து, மட்டை, படஅட்டை ஆகியவற்றைத் தேடிச் சேர்க்கும் வழக்கத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: இது இன்னாருடையது என்பதற்கு யார் சாட்சி? பொருளே சாட்சி என்று நம்பியவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். யார் அணிந்தது, எந்த ஆட்டத்தில், பிறகு யார் யார் கைக்குப் போனது என்ற பதிவைப் பொருளோடு சேர்த்துக் காத்தவர்களே வரலாற்றுக்குத் தொண்டு செய்தார்கள். ஏலக்கூடத்தின் விலை புகழையும் அருமையையும் அளக்கிறது; உண்மையை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. சேகரிப்பில் முதல் மதிப்பு பதிவுக்கும் அடுத்த மதிப்பு பொருளுக்கும் என்ற வரிசை மாறும்போதெல்லாம் இத்துறை தடுமாறியிருக்கிறது என்பதே இங்கு நான் நிறுவ விரும்புவது.

வழக்கம் தொடங்கியது புகையிலைக் கடையில். 1880களின் பிற்பகுதியில் குட்வின் கம்பெனி தன் ‘ஓல்டு ஜட்ஜ்’ சிகரெட் பெட்டிகளுக்குள் ஆட்டக்காரர்களின் புகைப்படம் ஒட்டிய சிறு அட்டைகளை வைத்தது. மெல்லிய காகிதப் பெட்டி நசுங்காமல் இருக்க ஓர் அட்டை தேவைப்பட்டது; அந்த அட்டையில் படம் இருந்தால் வாங்கியவர் அடுத்த படத்துக்காக மறுபடியும் வருவார். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஐந்நூறுக்கு மேற்பட்ட வண்ண அட்டைகளை வெளியிட்டது. 1930களில் இந்த வேலையைச் சூயிங்கம் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. பாஸ்டனின் கௌடி கம்பெனி 1933இல் வெளியிட்ட வரிசையில் 106ஆம் எண் அட்டையே இல்லை. குழந்தைகள் அதைத் தேடித் தேடிச் சூயிங்கம் வாங்கினார்கள். முறையிட்டவர்களுக்கு மட்டும் அடுத்த ஆண்டு நாப் லாஜொய் படமிட்ட அந்த அட்டை தபாலில் போனது. ஆக, சேகரிப்பாளர்கள் இன்று கொண்டாடும் ‘அரிய பொருள்’ பல வேளைகளில் வியாபாரியின் கணக்கால் அரிதானது. அருமை வேறு, வரலாற்று முக்கியத்துவம் வேறு என்பதை இந்தத் துறை தன் குழந்தைப் பருவத்திலேயே காட்டிவிட்டது.

இந்தக் குவியலுக்கு ஒழுங்கு கொடுத்தவர் சிரக்யூஸ் நகரத் தொழிற்சாலை ஊழியர் ஜெஃபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கிக்கொண்டே வந்த அவர், வணிக அட்டைகளையெல்லாம் வகைபிரித்து 1939இல் முதல் பட்டியலை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைக்கு ‘என்’, இருபதாம் நூற்றாண்டுக்கு ‘டி’ என்று அவர் இட்ட குறியீடுகளே இன்றும் புழங்குகின்றன; மேலே சொன்ன 1909ஆம் ஆண்டு வரிசையை உலகமே ‘டி 206’ என்றழைப்பது அவர் வைத்த எண்ணால்தான். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தன் அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். அவற்றைத் தொகுப்பேடுகளில் தானே ஒட்டி முடித்தது 1963 ஜனவரியில். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற செல்வம் அட்டைகள் மட்டுமல்ல. ஓர் அட்டையைக் கையில் எடுத்தால் அது எந்த வரிசை, யார் வெளியிட்டது, எந்தக் காலம் என்று எவரும் சரிபார்க்கக்கூடிய முறை ஒன்றையும் விட்டுச்சென்றார். அட்டை சேகரிப்பு ஓர் ஆய்வுத் துறையாகத் தலைநிமிர்ந்தது அதனால்தான்.

பர்டிக் வழியிலிருந்து விலகிப் பணத்தின் வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் டி 206 வரிசையே எடுத்துக்காட்டு. பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர் தன் படம் தொடர்ந்து வெளிவர இசையவில்லை. சிறுவர்கள் சிகரெட் வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று சிலரும், தனக்குப் பணம் தராததால் மறுத்தார் என்று சிலரும் சொல்வார்கள். எப்படியோ, அந்த அட்டை மிகச் சிலவே மிஞ்சின. அவற்றில் மிக அழகான ஒன்றை 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளி புரூஸ் மெக்நாலும் சோத்பீஸ் ஏலத்தில் 4,51,000 டாலருக்கு எடுத்தார்கள். அதே ஆண்டில் தொடங்கிய பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் தன் முதல் சான்றிதழை இந்த அட்டைக்கே கொடுத்து, பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013இல், அதை முன்பு கையாண்ட ஏல நடத்துநர் பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார். இருபதாண்டுக்கு மேலாக உலகின் புகழ்பெற்ற பேஸ்பால் அட்டையாக வலம்வந்த ஒன்றின் அழகு கத்தியால் வந்தது. வாங்கியவர்கள் அது கைமாறிய வழியைத் தீர விசாரிக்கவில்லை. கண்ணுக்கு நேர்த்தியாக இருந்ததே போதும் என்றார்கள்.

அணிச் சட்டைகளின் கதை இன்னும் சிக்கலானது. அட்டையை வைத்துக்கொள்ளவென்றே அச்சிட்டார்கள். சட்டையைத் தேய்த்து முடிக்கவென்றே தைத்தார்கள். 1970இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் செயற்கை இழைப் பின்னல் சட்டைக்கு மாறும் வரை மேஜர் லீக் எனப்படும் மேல்நிலை லீகின் அணிகள் கனத்த ஃபிளானல் கம்பளியில்தான் ஆடின. துணி விலையுயர்ந்தது என்பதால் ஒரு பருவம் முடிந்ததும் சட்டையைத் தூக்கிப் போட மாட்டார்கள். அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் பயன்படும். பிறகு கீழ்நிலையான மைனர் லீக் அணிக்குப் போகும். அங்கே பெரிய அணியின் பெயரையும் எண்ணையும் பிரித்துவிட்டு வேறு எழுத்தைத் தைப்பார்கள். பிற்காலத்தில் சேகரிப்பாளர் கைக்கு வரும்போது, பிரித்த எழுத்துகளை யாராவது மீண்டும் வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தச் சட்டையில் எது பழைய தையல், எது புதியது, எவர் தோளில் அது முதலில் ஏறியது என்று சொல்லக் கண்ணால் முடியாது. அணியின் கொள்முதல் கணக்கும், தைத்த கம்பெனியின் குறிப்பும், அக்காலப் புகைப்படமும்தான் சொல்ல முடியும். அவற்றைப் பல அணிகள் பேணவில்லை.

இந்த இடைவெளிக்குள்தான் பொய் நுழைந்தது. நியூயார்க் யாங்கீஸ் அணியில் பங்கு வைத்திருந்த பேரி ஹால்ப்பரின் தொகுப்பு தனியார் தொகுப்புகளிலேயே மிகப் பெரியது என்று பெயர் பெற்றது. அதில் ஒரு பகுதியை மேஜர் லீக் நிர்வாகம் வாங்கிக் கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுத்தது. மற்றவை 1999இல் சோத்பீஸில் ஏலம் போயின. கூப்பர்ஸ்டவுனுக்கு வந்தவற்றில் ஒன்று, சூதாட்டக் குற்றச்சாட்டில் ஆட்டத்தை விட்டே விலக்கப்பட்ட ஷூலெஸ் ஜோ ஜாக்சன் 1919இல் அணிந்ததாகச் சொல்லப்பட்ட சட்டை. பின்னர் ஆய்வகச் சோதனையில் அது அசல் அல்ல என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இல்லாத பொருள்கள் அதில் இருந்தன. அதே 1999இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற நடவடிக்கையில் கலிஃபோர்னியாவை மையமாகக் கொண்ட போலிக் கையொப்பக் கும்பலைப் பிடித்தது. பேப் ரூத், மிக்கி மான்டில் ஆகிய நட்சத்திர ஆட்டக்காரர்களின் போலிக் கையொப்பங்களோடு, அன்னை தெரசா கையொப்பமிட்டதாகச் சொல்லப்பட்ட பேஸ்பால் பந்துகளும் அவர்களிடம் கிடைத்தன. போலிகளுக்குக் கூடவே சான்றிதழும் இருந்தது. தாள் இருந்தால் போதாது, அந்தத் தாளை எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்க வழி இருந்ததா என்றும் கேட்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பணத்தின் மீது இவ்வளவு பழி போடலாமா? விலை ஏறியதால்தானே மக்கள் பரணிலிருந்த பெட்டிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் திறந்து பார்த்தார்கள்? மறுப்பில் உண்மை இருக்கிறது. டாப்ஸ் என்ற அட்டைக் கம்பெனி 1952இல் அச்சிட்டு விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அந்த வேலையைச் செய்தவர் அட்டையை வடிவமைத்த சை பெர்கரே. அதே வரிசையின் மான்டில் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனது. உரிமையாளர்களே மதிக்காத பொருளைக் காப்பாற்றியவர்கள் தனிச் சேகரிப்பாளர்கள்தான். அவர்களுக்கு வரலாறு கடன்பட்டிருக்கிறது. ஆனால் காப்பாற்றுவது பாதி வேலை. புகழ்பெற்றவரின் சட்டை பெயர் தெரியாதவரின் சட்டையைவிட நூறு மடங்கு விலை போகும்போது, பெயர் தெரியாத சட்டைக்குப் புகழ்பெற்ற பெயரைச் சூட்டும் ஆசையும் நூறு மடங்காகிறது. விலை பொருளைக் காக்கிறது. அதே கையால் பதிவைக் கெடுக்கவும் செய்கிறது.

அறிவியல் வந்துவிட்டதே, இனிக் கவலை எதற்கு என்பது அடுத்த மறுப்பு. 2001 முதல் மேஜர் லீக் ஆட்டங்களில் அதிகாரபூர்வச் சாட்சிகள் நேரில் இருந்து, ஒவ்வொரு பொருளிலும் எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டுகிறார்கள். பழைய சட்டைகளுக்கு, புகைப்படத்தில் எழுத்து பொத்தான் வரிசையைத் தொடும் இடம், தையலின் கோணல், துணியின் மடிப்பு ஆகியவற்றைக் கையிலுள்ள சட்டையோடு ஒப்பிடும் முறை வந்திருக்கிறது. 1932 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் பேப் ரூத் அணிந்த சட்டை 2005இல் 9,40,000 டாலருக்கும் 2024இல் 2.41 கோடி டாலருக்கும் விற்றது. இடைக்காலத்தில் சந்தை ஏறியது உண்மை. சட்டையில் ஓர் இழையும் கூடவில்லை. புகைப்பட ஒப்பீட்டால் சான்று உறுதிப்பட்டதும் உண்மை. இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஹாலோகிராமும் புகைப்பட ஒப்பீடும் பதிவின் புதிய வடிவங்கள். அவை வேலை செய்ய வேண்டுமானால், ஆட்டத்தன்று அங்கே ஒரு கேமரா இருந்திருக்க வேண்டும். எடுத்த படத்தை யாராவது பாதுகாத்திருக்க வேண்டும்.

கேமரா இல்லாதவர்களுக்கு? நிறவெறியால் மேஜர் லீகுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களுக்காக 1920இல் ரூப் ஃபாஸ்டர் கான்சாஸ் சிட்டியில் நீக்ரோ தேசிய லீகைத் தொடங்கினார். சிகரெட் கம்பெனியும் சூயிங்கம் கம்பெனியும் அவர்களுக்குப் பெரும்பாலும் அட்டை அச்சிடவில்லை. ஆஸ்கர் சார்ல்ஸ்டன் போன்றோரின் அட்டைகளைக் கியூபாவின் குளிர்கால லீக் வெளியீடுகளில்தான் தேட வேண்டும். மாபெரும் மட்டையாளர் ஜாஷ் கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில், ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகின் நிறத்தடையை உடைப்பதற்குச் சில மாதம் முன்பு. அவருடையதாகப் பேசப்படும் அட்டை அதற்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவில் வெளிவந்தது. பொருளை மட்டும் நம்பியிருந்தால் கிப்சன் ஏறக்குறைய இல்லாதவர். ஆய்வாளர்கள் பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபென்டர் முதலிய கறுப்பினச் செய்தித்தாள்களின் ஆட்ட விவரங்களைப் பல பத்தாண்டுகள் வரிவரியாகக் கூட்டினார்கள். அதன் பயனாக 2020இல் நீக்ரோ லீகுகள் மேஜர் லீக் தகுதி பெற்றன; 2024இல் கிப்சனின் .372 என்ற மட்டையடிச் சராசரி, மேஜர் லீக் ஆட்டக்காரர் டை காப்பின் நீண்டகாலச் சாதனையைத் தாண்டி முதலிடத்தில் ஏறியது. அவரை மீட்டது பழுப்பேறிய செய்தித்தாள்.

ரசிகன் ஆசையாக ஒரு பழைய தொப்பியை வைத்துக்கொள்கிறான், அவனிடம் ஆவணம் கேட்பது அன்பைக் குறுக்கு விசாரணை செய்வதாகாதா என்று இறுதியாகச் சிலர் கேட்கலாம். வீட்டு அலமாரியில் இருக்கும் வரை எவரும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அன்பால் சேர்த்தவை எல்லாம் ஒருநாள் வாரிசுகளிடமோ ஏலத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ போகின்றன. அப்போது அவை பொதுச் சொத்தாகி, அடுத்த தலைமுறை படிக்கும் பாடமாகின்றன. கூப்பர்ஸ்டவுன் பந்தும் ஒரு வீட்டுப் பெட்டியில்தான் இருந்தது. ஆகவே உண்மையான அன்பு பொருளோடு சேர்த்து அது வந்த வழியையும் காக்கும்: யாரிடம், எந்த ஆண்டில், எந்தச் சொல்லின் பேரில் வாங்கினோம் என்று எழுதி வைக்கும், தெரியாததைத் தெரியாது என்றே குறிக்கும், நட்சத்திரத்தின் சட்டைக்குக் கொடுக்கும் இடத்தை அணியின் சம்பளப் பேரேட்டுக்கும் பயணச் சீட்டுக்கும் ஆட்ட விவரத் தாளுக்கும் கொடுக்கும். விலைப்பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பர்டிக் தொகுத்த பட்டியலும் செய்தித்தாள்களில் அச்சான ஆட்டக் கணக்கும் இன்றுவரை வேலை செய்துகொண்டிருக்கின்றன. சேகரிப்பவர்கள் பின்பற்ற வேண்டியது பர்டிக்கும் அந்த ஆய்வாளர்களும் காட்டிய வழியையே.