நண்பகல் பேய்



“சாமி, வீட்டுல ஏதோ சரியில்ல. வந்து தீர்த்தம் தெளிச்சிட்டுப் போங்க” என்று பங்கு இல்லத்துக் கதவைத் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வருகிறார்கள். நாமும் போய்ச் செபித்துவிட்டு வருகிறோம், அதில் தவறில்லை. ஆனால் அலகை என்றாலே இருட்டும், நாய் ஊளையிடும் சத்தமும், தலைவிரித்து ஆடும் பெண்ணும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கடவுள் தரும் படைக்கலன்களை அணிந்துகொள்ளும்படி பவுலடியார் எபேசியருக்கு எழுதியதையும் இந்த இருட்டோடு சேர்த்தே புரிந்துகொள்கிறோம். இந்தப் போரை வாழ்நாள் முழுவதும் நடத்திப் பார்த்த பழங்காலத் துறவிகளோ வேறு மாதிரி சொல்கிறார்கள். பேய்களிலெல்லாம் மிகக் கொடியது இரவில் வருவதில்லை. உச்சி வெயிலில் வருகிறது என்பது அவர்களுடைய அனுபவம்.

துறவிகள் என்றதும் நமக்குத் தெரிந்தவர் வனத்து அந்தோனியார். (கையில் குழந்தை இயேசுவை ஏந்தியிருக்கும் பதுவை அந்தோனியார் வேறு. அவர் இவருக்குச் சுமார் 900 ஆண்டுகள் பின்னால் வந்தவர். இவருடைய திருவிழா ஜனவரி 17.) எகிப்து நாட்டில் 251ஆம் ஆண்டு வாக்கில் பிறந்த இவர், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கச் சொல்லும் நற்செய்தியை ஆலயத்தில் கேட்டு, பெற்றோர் விட்டுச்சென்ற நல்ல விளைநிலத்தைத் துறந்து பாலைவனம் சென்றார். பேய்கள் அவரை அடித்துப் போட்ட கதையைப் புனித அத்தனாசியார் எழுதிவைத்தார். ஓவியர்கள் அதைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அதனால் பாலைவனப் போர் என்றால் கொம்பும் வாலும் என்றாகிவிட்டது.

அந்தோனியாருக்குப் பின் வந்த தலைமுறையில் எவாகிரியுஸ் என்றொருவர் இருந்தார். இன்றைய துருக்கியின் வடபகுதியான போந்துவில் 345ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தவர். புனித பெரிய பசிலியார் இவரை வாசகராக்கினார். நாசியான்சு நகர் புனித கிரகோரியார் திருத்தொண்டராக்கினார். கான்ஸ்டாண்டிநோபிளில் நல்ல மறையுரையாளர் என்று பெயர் வாங்கினார். அங்கே உயர்குடும்பத்தைச் சேர்ந்த, மணமான ஒரு பெண்மேல் காதல் கொண்டார். மனச்சான்று உறுத்த, கப்பலேறி எருசலேமுக்கு ஓடினார். அங்கும் பகட்டான வாழ்க்கைதான். பிறகு ஆறு மாதம் காய்ச்சலில் கிடந்தார். மெலானியா என்ற துறவிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதபின், துறவறம் ஏற்பதாக வாக்களித்து எகிப்துக்குப் போனார். பாலைவனத்தில் புத்தகங்களைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். ஓடி ஓடிக் களைத்த ஒருவர்தான் ஓடிப்போகத் தூண்டும் பேயைப் பற்றி எழுதினார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மனிதரைத் தாக்கும் எண்ணங்கள் எட்டு என்று அவர் வகுத்தார். அவற்றுள் மிகவும் பாரமானதற்குக் கிரேக்கத்தில் ‘அக்கேதியா’ என்று பெயர். அக்கறை இல்லாமற்போவது என்பது அதன் நேர்ப்பொருள். இதையே ‘நண்பகல் பேய்’ என்றும் அழைத்தார். 91ஆம் திருப்பாடலில் நண்பகலில் தாக்கும் அழிவு ஒன்று பேசப்படுகிறதல்லவா? அதைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ‘பேய்’ என்றே பெயர்த்திருந்தது.

அது வரும் விதத்தை அவர் விவரிப்பதைப் பாருங்கள். காலை பத்து மணியளவில் தொடங்கிப் பிற்பகல் இரண்டு மணிவரை துறவியைப் பிடித்து வைத்திருக்கும். கதிரவன் நகரவே மாட்டான். பகலுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும். துறவி சன்னலைப் பார்ப்பார். வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று அண்ணாந்து பார்ப்பார். யாராவது சகோதரர் வருகிறாரா என்று இங்கும் அங்கும் பார்ப்பார். பிறகு அந்த இடம் கசக்கும், கைவேலை கசக்கும். ‘இங்கே யாருக்கும் அன்பு இல்லை, எனக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லை’ என்ற எண்ணம் வரும். யாராவது முன்பு மனம் நோகச் செய்திருந்தால் அதுவும் சரியாக அந்த நேரத்தில் நினைவுக்கு வரும். ‘வேறோர் இடம் போனால் எல்லாம் எளிதாக இருக்கும், கடவுளை எங்கிருந்தும் வழிபடலாமே’ என்று தோன்றும். பிறந்த வீடு கண்முன் நிற்கும். இன்னும் எத்தனை ஆண்டு இப்படியே என்று மலைப்பு வரும்.

குருமடத்தில் நாம் இந்தப் பகுதியை ஒரு பிற்பகல் வகுப்பில்தான் படித்தோம். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தோம். அதன் பொருள் விளங்கியது குருவான பிறகுதான். மே மாதம் நெருங்கும்போது, அடுத்த மாற்றல் பட்டியலில் நம் பெயர் இருக்குமா, நல்ல பங்காகக் கிடைக்குமா என்று மனம் கணக்குப் போடுகிறதே, அதை எவாகிரியுஸ் 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

அவருடைய பாடத்தை யோவான் காசியன் இலத்தீனில் எழுதி, இன்றைய பிரான்சின் மார்சேய் நகருக்குக் கொண்டுசென்றார். 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை புனித பெரிய கிரகோரியார் அந்த எட்டை ஏழாக மாற்றி அமைத்தார். அதுவே காலப்போக்கில் நம் பாட்டிமார் ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழு ஆயிற்று. அந்தப் பட்டியலின் கடைசியில் அக்கேதியா ‘சோம்பல்’ என்று நிற்கிறது.

இந்த மாற்றத்தில் நாம் ஒன்றை இழந்துவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். சோம்பல் என்றால் படுத்துக் கிடப்பது. ஆகவே உழைக்கிறவர் எவரும் இந்தப் பாவத்தைத் தன்னிடம் தேடுவதில்லை. அக்கேதியாவோ ஓடியாடி வேலை செய்யும். நோயாளிகளைப் பார்த்து வருகிறேன் என்று அறையை விட்டுக் கிளம்பும் துறவி உண்மையில் தன் மனத்தின் அரிப்பைத்தான் தீர்த்துக்கொள்கிறார் என்று எவாகிரியுஸ் ஓரிடத்தில் எழுதுகிறார். அன்புக்குரியவர்களே, ஒரு செபக்கூட்டம் விடாமல் போகிறோம். திருத்தலம் திருத்தலமாக வண்டி பிடிக்கிறோம். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியாரின் அறைக்குள் போக மட்டும் கால் வரவில்லை. பங்குப் பணி என்று ஊரெல்லாம் சுற்றுகிறோம். மனைவியோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேச முடியவில்லை. இதற்குத் தீர்த்தம் தெளிக்கச் சொல்லி எவரும் நம்மைக் கூப்பிட்டதில்லை.

கடவுளைச் சார்ந்த நன்மையைக் கண்டே மனம் துயருறுவதுதான் இந்தப் பாவம் என்றார் புனித அக்குவினாஸ் தோமையார். திருத்தந்தை பிரான்சிசும் தீய நாட்டங்களைப் பற்றிய தம் மறைக்கல்வி வரிசையில், 2024ஆம் ஆண்டு திருநீற்றுப் புதனன்று இதையே எடுத்துப் பேசினார்.

மருந்தாக எவாகிரியுஸ் சொன்னது பெரிய தவம் எதுவுமில்லை. சோதனை வேளையில் அறையை விட்டுப் போகாதே என்றார். ஆண்டவர் பாலைநிலத்தில் செய்தது போல இறைவார்த்தையால் பதில் சொல் என்றார். அதற்கென்றே நூற்றுக்கணக்கான மறைநூல் வசனங்களைத் தொகுத்து ஒரு நூல் செய்தார். அழுகை வந்தால் அழு என்றும் சொன்னார்.

வனத்து அந்தோனியாருக்கும் இந்தப் பேய் வந்தது. மனம் சலித்து, மீட்படைய என்ன வழி என்று அவர் கடவுளிடம் கேட்டார். சிறிது நேரம் கழித்து வெளியே வந்தபோது, தம்மைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு முடைந்துகொண்டிருப்பதைக் கண்டார். அவர் எழுந்து செபித்தார். மறுபடி உட்கார்ந்து கயிறு முடைந்தார். மறுபடி எழுந்து செபித்தார். அவர் கடவுள் அனுப்பிய வானதூதர். இப்படியே செய், மீட்படைவாய் என்று அந்தோனியாருக்குச் சொல்லப்பட்டது.

எவாகிரியுஸ் பாலைவனத்தை விட்டுத் தம் ஊருக்குத் திரும்பவில்லை. சுமார் 16 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 399ஆம் ஆண்டு, மூன்று இராசாக்கள் திருநாளில் ஆலயத்தில் நற்கருணை வாங்கிய பின் இறந்தார் என்று அவருடைய சீடர் பல்லாதியுஸ் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 54.