காலி வீதியின் கரும்புகை: யந்திரமும் கூலிமுறையும்

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையருகேயுள்ள பஸ் தரிப்பிடத்தில் முற்பகல் பதினொரு மணியளவில் சற்று நேரம் நிற்பவர், பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குச் செல்லும் 100ஆம் இலக்கத் தனியார் வண்டியொன்று, யந்திரத்தை நிறுத்தாமலே பிரயாணிகளுக்காகக் காத்துக் கிடப்பதையும், பின்னால் இன்னொரு வண்டியின் முகம் தென்பட்ட மாத்திரத்தில் கண்டக்டர் தகரத்தில் தட்ட, சாரதி மிதியை அடிவரை அழுத்த, எழுந்த கரும்புகை சேலைக்கடைக் கண்ணாடியிற் சென்று படிவதையும் பிரத்தியட்சமாகக் காணலாம். காலையில் துடைத்த அந்தக் கண்ணாடியை மத்தியானத்தில் ஈரத்துணியால் மறுபடியும் துடைக்கும் பையனின் துணி, மசி தொட்டதுபோற் கறுத்துவிடுகிறது. இப்புகைக்கு யந்திரத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டுவது போதாது என்பதும், வண்டியை ஓட்டுவோருக்குக் கூலி கிடைக்கும் முறையே அதன் பிரதான காரணங்களுள் ஒன்று என்பதும் என் துணிபு.

டீசல் யந்திரத்தில் தீப்பொறி கிடையாது. அமுக்கத்தினாற் கொதித்த காற்றினுள் தெளிக்கப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது. மிதி சடுதியாக அழுத்தப்படும்போது எண்ணெய் மிகுந்து, அதற்கீடான காற்று வந்து சேராமையாலும், தெளிப்பான் தேய்ந்திருந்தால் துளிகள் பருத்துவிடுவதாலும், முற்றாக எரியாத காபன் கரித்துகளாக வெளியேறுகிறது. எண்ணிக்கையால் நோக்கின் இத்துகள்களிற் பெரும்பாலானவை 0.1 மைக்ரோனிலும் சிறியவை. ஆதலால் அவை மூக்கின் காவலைக் கடந்து சுவாசப்பையின் நுண்ணறைகள்வரை சென்றுவிடுகின்றன. 1988இல் டீசல் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது என்று வகுத்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2012இல் அந்த ஐயத்தையும் நீக்கி, அதனை முதலாம் வகுதியிற் சேர்த்துவிட்டது.

இலங்கையில் 2008ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட வாகனப் புகைப் பரிசோதனை நன்மையே செய்தது. அதில் தேறிய சான்றிதழின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற இயலாது. எனினும், டீசல் வண்டி அங்கே பாரமின்றி, நின்ற நிலையில், யந்திரம் முடுக்கப்பட்டுச் சோதிக்கப்படுகிறது. அறுபது பேரைச் சுமந்துகொண்டு தரிப்பிடத்திலிருந்து பாயும் வேளையில் அது கக்குவதைச் சோதனைக் கருவி ஒருபோதும் காண்பதில்லை. சோதனைக்கு முன் பம்பைத் திருகி எண்ணெயைக் குறைப்பதும், பின்னர் பழையபடி கூட்டுவதும் கராஜில் அரிய வித்தையுமன்று.

1958இல் தேசியமயமாக்கப்பட்ட பஸ் சேவை, இருபத்தோராண்டுகளின் பின் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டபோது, சாரதியின் சம்பாத்தியம் அன்றன்றைய வசூலோடு கட்டப்பட்டுவிட்டது. உரிமையாளருக்கு உரியதைக் கொடுத்தபின் மிஞ்சுவதே தன் வீட்டுக்கு என்னும் நிர்ப்பந்தத்திலுள்ளவன், கூட்டம் சேரும்வரை நிற்பதும், பின்வருபவன் முந்திவிடாதபடி ஓடுவதும் இயல்பன்றோ? அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வண்டி நிற்கும்போது டீசல் வீணாய் எரிகிறது. பாயும்போது கரியாய் எரிகிறது. கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுக வீதிகளில், முறை வரும்வரை யந்திரத்தை ஓடவிட்டு நிற்கும் கொள்கலன் லொறிகளின் கதையும் காத்திருப்பின் கதையே.

நவீன வடிகட்டிகளைப் பொருத்தினாற் போதாதா என்று வினவுவோர் உளர். அவை செவ்வனே உழைக்க, கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். இந்தியா 2020 ஏப்ரிலில் பத்து லட்சத்திற் பத்துப் பங்கு என்னும் அளவைத் தேசம் முழுவதும் விதித்தது. 1969இல் எழுந்த நமது சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமோ அத்தகைய அளவை எண்ணிக் கட்டப்பட்டதன்று. மின்சாரமே வழி எனின், கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு 1960வரை டிராம் வண்டிகளும், நகரில் 1953 முதல் 1964வரை மின்கம்பி பஸ்களும் புகையின்றி ஓடிய கொழும்புக்கு அது புதிய பாடமன்று. ஆனால் மின்சார பஸ்ஸையும் இதே கூலிமுறையில் ஓடவிட்டால், புகை போகும். முட்டிமோதி ஓடும் ஓட்டம் போகாது. ஆகையால், 100ஆம் இலக்கப் பாதையிலுள்ள வண்டிகளின் வசூலை ஒரு பொது நிதியிற் சேர்த்து, சாரதிக்கும் கண்டக்டருக்கும் மாதச் சம்பளமும், உரிமையாளருக்கு நேரப்படி ஓடிய மைலுக்குப் பணமும் ஓராண்டுக்கு வழங்கிப் பார்த்து, அதற்கு முன்னும் பின்னும் வெள்ளவத்தைத் தரிப்பிடத்திற் கரித்துகளை அளந்து பதிவுசெய்யும்படி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தையும் மாகாணப் போக்குவரத்து அதிகாரிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.