மரபுவழிப் பிறவிக் கண்புரை

குழந்தை பிறக்கும்போதோ கைக்குழந்தைப் பருவத்திலோ விழிவில்லை மங்கியிருப்பது பிறவிக் கண்புரை. கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா தொற்றாலும் இது உண்டாகும்; ஒரு பகுதி குடும்ப வழியில் வருகிறது. அதில் மிகுதியானது ஓங்கு மரபினது: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. மதுரையில் நடந்து 1996இல் வெளியான ஆய்வில், காயத்தால் வராத சிறார் கண்புரைகளில் ஏறக்குறைய கால் பங்கு மரபுவழியில் வந்தவை.

வரலாறு

19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சிதறிக் கிடக்கின்றன. லண்டன் கண் மருத்துவர் எட்வர்ட் நெட்டில்ஷிப் 1902இல் மருத்துவத் தொழிலை விட்டு, பரம்பரைக் கண்நோய்க் குடும்பங்களின் வம்சாவளிகளைத் திரட்டுவதில் இறங்கினார். 1906இல் அவரும் ஓகில்வியும் ஆக்ஸ்போர்டு அருகே வாழ்ந்த காப்பாக் குடும்பத்தைப் பதிவு செய்தனர். வில்லையின் நடுப்பகுதியில் சிறு வட்டத் தகடு போன்ற மங்கல். பார்வையை அவ்வளவாகக் கெடுக்காததால் தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

1963இல் மரபியலாளர்கள் ரென்விக், லாலர் இருவரும் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில், மாவு தூவியதுபோன்ற கண்புரை டஃபி இரத்த வகையோடு சேர்ந்தே தலைமுறைகளைக் கடப்பதைக் கண்டனர். இரண்டின் மரபணுக்களும் அருகருகே உள்ளன. எந்தக் குரோமோசோமில் என்பது மட்டும் தெரியவில்லை. விடை 1968இல் பால்டிமோரிலிருந்து வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவர் ரோஜர் டோனஹியூ தம் குரோமோசோம்களையே நுண்ணோக்கியில் பார்த்தபோது, முதலாம் இணையில் ஒன்று வழக்கத்தைவிடத் தளர்ந்து நீண்டிருந்தது. உறவினர்களின் இரத்தத்தையும் சோதித்தார். அந்த நீண்ட குரோமோசோம் டஃபி வகையோடு சேர்ந்தே இறங்கி வந்திருந்தது; ஆக, டஃபிக்கு அருகிலுள்ள கண்புரை மரபணுவும் முதலாம் குரோமோசோமில்தான். பால் குரோமோசோம் அல்லாத ஒன்றில் இடம் குறிக்கப்பட்ட முதல் மனித நோய் இக்கண்புரையே எனப் பொதுவாகக் கருதப்படுகிறது.

35 ஆண்டுகள் காத்திருந்த அந்த ஆங்கிலேயக் குடும்பத்துக்கு 1998இல் காரணம் தெரிந்தது: கொனெக்சின் 50 என்னும் புரதத்தின் மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றம். காப்பாக் குடும்பத்தின் புரையும் இதுவும் ஒன்றே என்று பலர் எழுதியுள்ளனர், அது ஐயத்துக்குரியது. ‘காப்பாக் போன்றது’ எனப்பட்ட வேறொரு புரைக்கு 1999இல் காமா கிரிஸ்டலின் என்னும் வேறு புரதத்தின் மரபணு காரணமெனத் தெரிந்ததால், மங்கலின் வடிவத்தை மட்டும் வைத்து மரபணுவைச் சொல்ல முடியாது.

காரணங்கள்

விழிவில்லையில் இரத்தநாளம் இல்லை. கருவில் உருவான இழைகளும் புரதங்களும் ஆயுள் முழுதும் அங்கேயே இருக்கும். கிரிஸ்டலின்கள் வில்லையைத் தெளிவாக வைக்கின்றன. கொனெக்சின்கள் இழைக்கு இழை உப்பும் ஊட்டமும் கடத்துகின்றன. இவற்றில் பிழை நேர்ந்தால் ஒளி சிதறும். கேலக்டோகைனேஸ் என்னும் நொதியின் குறைபாடு தனி வகை: பால்சர்க்கரையின் ஒரு கூறு மாறி வில்லையில் தேங்கும். உரிய காலத்தில் பாலை நிறுத்தினால் புரை குறையக்கூடும்.

அண்மைக் காலம்

லானோஸ்டெரால் சேர்மம் புரையைக் கரைக்கும் என 2015இல் வெளியான ஆய்வு கூறியது. பிந்தைய சோதனைகள் சில அதை உறுதிப்படுத்தவில்லை. பார்வையை மறைக்கும் புரைக்கு இன்றும் சிகிச்சை, முதல் சில வாரங்களிலேயே செய்யும் அறுவைதான். பெற்றோரின் கண்களையும் பரிசோதிப்பது நோயறிதலின் ஒரு பகுதி. காப்பாக் குடும்பத்தில் கண்டதுபோல், தம்மிடம் புரை இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.