புகைமூட்டமும் பனிமூட்டமும் (கொழும்பு)

காற்றில் மிதப்பது நீர்த்துளியானால் பனிமூட்டம். உலர்ந்த நுண்துகளானால் புகைமூட்டம். இரண்டிலும் பார்வைத் தூரம் 5 கிலோமீற்றருக்குள் சுருங்குவதால் கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. சாரீரப்பதன் 95 சதவீதத்தை எட்டி, வெப்பநிலையும் பனிபடுநிலையும் ஏறக்குறைய ஒன்றானால் பனிமூட்டம். 80 சதவீதத்துக்குக் கீழே நின்றால் புகைமூட்டம். சிக்கல் இடைப்பட்ட அளவில்தான். ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் விடியற்காலை ஈரக்காற்றில் உப்பு, சல்பேற்றுத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, புகையையே பனியாகக் காட்டிவிடும். துறைமுகப் பாரந்தூக்கிகள் மங்கினால் சனம் ‘பனி’ என்று சொல்வதில் வியப்பில்லை. அப்போது பிஎம் 2.5 நுண்துகள் அளவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கும் மலிவுக் கருவிகளோ ஈரக்காற்றில் கூட்டியே காட்டும். வெயில் ஏறியதும் பனிமூட்டம் கலையும்; புகைமூட்டம் நண்பகலிலும் நிற்கும்.

2022 டிசெம்பர் 8இல் கொழும்பை மூடியது புகைமூட்டமே. மாண்டஸ் புயலையொட்டிய காற்றோட்டம் இந்தியாவிலிருந்து மாசைக் கொண்டுவந்தது. மறுநாள் பாடசாலைகள் மூடப்பட்டன. பிஎம் 2.5க்கு இலங்கையின் 24 மணிநேர வரம்பு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டலில் அது 15.