மழையும் புயலும் கடலுக்கு இடும் எரு



நெய்வேலிப் பக்கம் ஒரு பெருமழை அடித்தால் வாய்க்காலில் செம்மண் கரைந்து ஓடும். "போட்ட யூரியா எல்லாம் ஓடிப் போச்சே" என்பீர்கள். எங்கே போச்சு? பரவனாற்றில் விழுந்து, கடலூர்ப் பக்கம் கடலில் சேருகிறது. அங்கேயும் ஒரு பயிர் உண்டு.

அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. தாவர மிதவை என்று பெயர். வேரும் இல்லை, தண்டும் இல்லை. ஆனாலும் நெல்லைப் போலவே வெயிலையும் சத்தையும் கொண்டு வளருகிறது. கடலில் மீனுக்கெல்லாம் முதல் தீனி அதுதான்.

சத்து வந்ததுமே அந்தப் பயிர் கிளம்பிவிடுமா? இதை நம்ம ஜில்லாவிலேயே பார்த்திருக்கிறார்கள். வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், 1960-களிலிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் தண்ணீரை மொண்டு சோதித்து வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் சத்து ஏறுகிறது; மிதவையோ குறைகிறது! ஏன்? சேற்றுத் தண்ணீரில் வெயில் இறங்காது. உப்பும் சட்டென்று குறையும். வெள்ளம் பயிரையே அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் தெளிந்து வெயில் ஏறிய பிறகுதான் மிதவை பெருகுகிறது. மூழ்கின வயலில் உரம் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

இனி புயலுக்கு வருவோம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் நம்ம முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை மறக்க முடியுமா? ஆனால் புயலுக்குக் கடலில் வேறு வேலையும் உண்டு. வங்காள விரிகுடாவில் ஆற்று நீரும் மழை நீரும் மேலே மூடி போட்டாற்போல் நிற்கும். சத்து அடியில் கிடக்கும். புயல் காற்று ஏர் ஓட்டினாற்போல் கலக்கி, அதை மேலே கொண்டுவரும். 1999 அக்டோபரில் ஒரிசாவில் பெரும்புயல் அடித்தபோது, இங்கே சென்னைக்கு அப்பாலுள்ள கடலில் மிதவை பெருகியதை விஞ்ஞானிகள் அளந்து சொன்னார்கள்.

"அப்படின்னா நம்ம உரம் ஓடினால் கடலுக்கு நல்லதுதானே?" என்று கேட்கலாம். இல்லைங்க. அளவு மீறினால் மிதவை மிதமிஞ்சிப் பெருகி, செத்து அழுகும். தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் சாகும். கடலுக்கு வேண்டியதை மழையும் ஆறும் காற்றும் கொடுத்துக்கொள்ளும். உங்கள் மூட்டைக் காசு அங்கே போக வேண்டாம். மழை மூட்டம் கண்டால் மேலுரத்தை நிறுத்தி வையுங்கள். உரத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். உங்கள் வயலுக்கும் நல்லது, கடலோர மீனவர் வலைக்கும் நல்லது.