ஒன்பது பைட் முற்றுப்புள்ளி

ஆபீஸில் ஐந்து பேர் ஒரே பிரிண்டருக்கு ஃபைல் அனுப்பினாலும், அதுக்குள்ளே போறது என்னவோ நீளமான ஒரே பைட் வரிசைதான். உங்க சம்பளச் சீட்டு எங்கே முடியுது, அடுத்தவரோட லீவ் லெட்டர் எங்கே ஆரம்பிக்குதுன்னு அதுக்கு யாராவது சொல்லணும். சொல்ற சேதியும் அதே குழாய் வழியாத்தான் போயாகணும். சிக்கலே அங்கேதான்.

1984-ல் எச்.பி. முதல் லேசர்ஜெட்டை விட்டபோது, அதன் பி.சி.எல். மொழியில் இதற்கு எளிய வழி இருந்தது. எஸ்கேப், பின்னாலேயே ஒரு 'ஈ'. இரண்டே பைட். பாதியில் நிற்கும் பக்கம் வெளியே வரும். எழுத்துரு, மார்ஜின் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இதை அனுப்பாமல் விட்டால் அடுத்தவர் பாடு திண்டாட்டம். முன்னாடி ஆள் படுக்கைவாக்கில் அடித்திருந்தால் இவர் கடிதமும் படுத்துக்கும்!

அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வேறு கட்சி. 1985-ல் ஆப்பிளின் லேசர்ரைட்டரோடு பிரபலமான மொழி இது. சீரியல் கேபிளில் இதற்கு முடிவுக்குறி கன்ட்ரோல்-டி. ஆஸ்கி எண் 4, ஒரே பைட். சிக்கனம்தான். ஆனால் ஒரு படத்தின் பைனரிக்குள் தற்செயலா ஒரு 4 வந்தால்? கதை முடிஞ்சதுன்னு பிரிண்டர் நினைச்சுக்கும். அதனால் படத்தைப் பதினாறடிமான எழுத்துகளாக மாற்றி அனுப்பினாங்க. அளவு இரட்டிப்பு. 9600 பாட் கேபிளில் நொடிக்குச் சுமார் 960 பைட்தான் போகும். ஒரு லட்சம் பைட் படத்துக்கு ஒன்றே முக்கால் நிமிஷம் ஆகவேண்டியது, மூன்றரை நிமிஷமாச்சு.

ஒரே பெட்டியில் இரண்டு மொழியும் குடியேறினதும் தலைவலி முற்றியது. போஸ்ட்ஸ்கிரிப்டை பி.சி.எல்.னு நினைச்சுப் படிச்சா, படத்துக்குப் பதில் புரோகிராமே பக்கம் பக்கமா அச்சாகும். இவன் முடிவுக்குறி அவனுக்குப் புரியாது.

1991-ல் லேசர்ஜெட் 3எஸ்ஐ-யோடு எச்.பி. கொண்டுவந்த பி.ஜே.எல். இதற்கு ஒரு நாட்டாமை. எந்த மொழி ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்தி இதனிடம் கொண்டுவந்து விடும் குறி ஒன்று உண்டு: எஸ்கேப், சதவிகிதக் குறி, மைனஸ் 12345, கடைசியில் எக்ஸ். மொத்தம் 9 பைட். பெயர் யுனிவர்சல் எக்ஸிட் லாங்குவேஜ். அடுத்து வரும் வரிகளில் வேலையின் பெயர், இனி எந்த மொழி என்பதெல்லாம் வெறும் எழுத்தாகவே சொல்லலாம்.

ஏன் இத்தனை நீளம்? கணக்குப் போட்டால் புரியும். எல்லா பைட்டும் சம வாய்ப்போடு வருதுன்னு வெச்சுக்கிட்டா, ஒரு குறிப்பிட்ட பைட் தற்செயலா வர 256-ல் ஒரு வாய்ப்பு. ஒன்பதும் இதே வரிசையில் வர, 22 இலக்க எண்ணில் ஒன்று.

எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு. ஒழுங்கான டிரைவர் இந்தக் குறியை முடிவில் மட்டுமில்லை, ஆரம்பத்திலும் வைக்கும். முன்னால் போனவன் கதவைச் சாத்தினானோ இல்லையோ, நாம ஒருமுறை சாத்திட்டு வேலையைத் தொடங்குவோம்கிற ஜாக்கிரதை. பல டிரைவர்கள் உருவாக்கும் ஃபைலைத் திறந்து பார்த்தால், முதல் வரியிலேயே அந்த 12345 இன்னமும் உட்கார்ந்திருக்கு.